பெட்டி சொல்லும் முகவரி

வேற்றூரில் வாழும் நம் குடும்பங்கள் வீடு மாறுகையில் தட்டுமுட்டுச் சாமான்களோடு வைஃபை ரூட்டரையும் எடுத்துச் செல்கின்றன. அப்பெட்டி தன் அடையாள எண்ணை வானலையில் ஓயாது அறிவிக்கும். கடவுச்சொல் அதனை மறைக்காது. அருகே வரும் கைப்பேசிகள் அவ்வெண்ணையும் இடத்தையும் கூகுள், ஆப்பிள் பட்டியல்களில் சேர்க்கின்றன. எண்ணை அறிந்தவர், பெட்டி குடிபெயர்ந்த இடத்தைத் தொலைவிலிருந்தே அறியலாம் என்பதை 2024-இல் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர் ஆப்பிள் பட்டியல் வழியே காட்டினர். கொடிய கணவனை விட்டு வந்த பெண்ணுக்கு இஃது உயிர்ப் பிரச்சினை. அவள் பழைய பெட்டியை விட்டு வருவதே நன்று. ஏனையோர் வைஃபைப் பெயரின் ஈற்றில் அடிக்கோட்டுக் குறியும், அடுத்து ‘நோமேப்’ எனச் சிறிய ஆங்கில எழுத்துகளும் சேர்க்கலாம். அத்தகைய பெயரைக் கூகுள் 2011 முதலும் ஆப்பிள் 2024 முதலும் விலக்குகின்றன. மூட்டை கட்டுமுன் இதனைச் செய்திட அன்பர்களை வேண்டுகிறோம்.