பெட்டி மட்டும் காப்பாற்றாது

‘கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் ரைஃபிளைப் பூட்டி, மேலே “துப்பாக்கி, கவனம்” என்று எழுதி அனுப்பினால் பத்திரமாகப் போய்ச் சேரும்’ என்பது அமெரிக்காவில் பலரின் வாதம். தவறு.

1. உடைவது பெட்டியல்ல, ரைஃபிளின் பின்புற மரக்கட்டையின் மெலிந்த கழுத்து. உள்ளே ரைஃபிள் ஆடினால், பெட்டி கெட்டியாக இருந்து என்ன பயன்?

2. திருகுகளைக் கழற்றி, குழலையும் கட்டையையும் தனித்தனியே சுற்றினால் பெட்டியின் நீளம் குறையும், செலவும் குறையும். முழு நீளத்துக்கு ஏன் காசு?

3. மேலே ‘துப்பாக்கி’ என்று எழுதுவது திருடனுக்கு வைக்கும் அழைப்பிதழ். அந்நாட்டு அஞ்சல் விதியே அதைத் தடுக்கிறது.

4. தோட்டாவையும் கூடவே வைக்கலாமா? தபாலில் தோட்டாவுக்கு இடமே இல்லை.

5. வேறு மாநிலத்தவருக்கு விற்றால், உரிமம் பெற்ற வியாபாரி வழியாகத்தான் போக வேண்டும்.

சுற்றுவதற்கு முன் தோட்டா அறையைத் திறந்து பாருங்கள். பாதுகாப்பு அங்கேதான் தொடங்குகிறது.