கடைக்காரர் போட்ட தரம்

போன வாரம் கம்போங் ராஜா போயிருந்தபோது மாமா கைப்பேசியை நீட்டினார். "இதைப் பாரும்மா. ட்ரிபிள் ஏ பாண்டாம். எஃப்டியைவிட வட்டி கூட. சேமநிதிக் காசைப் போடலாமா?" முப்பது வருடம் தேயிலைச் சரிவில் ஏறி இறங்கிச் சேர்த்த காசு அது. வானொலியில் பேசுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை.

தோட்டத்துக் கடையிலிருந்து ஆரம்பித்தேன். அப்போதெல்லாம் சம்பள நாள் வரை பற்றுக்குத்தானே சாமான்? யாருக்கு எத்தனை வெள்ளி வரை எழுதலாம் என்று கடைக்காரர் 555 நோட்டைப் புரட்டி முடிவு செய்வார். ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு ஒரு மூட்டை அரிசி, இழுத்தடிக்கிறவருக்கு ஒரு கிலோ. கடன் தரமும் அதே கதைதான். பாண்டு என்பது நிறுவனத்துக்கோ அரசாங்கத்துக்கோ நாம் கொடுக்கும் கடன். அது திரும்பி வருமா என்று பார்த்து ராம், மார்க் போன்ற நிறுவனங்கள் ஏஏஏ முதல் டி வரை எழுத்துப் போடுகின்றன. பிபிபி வரை முதலீட்டுத் தரம். அதற்குக் கீழே வட்டியும் கூடும், பயமும் கூடும்.

"அப்ப ட்ரிபிள் ஏன்னா பயமே இல்லையே?"

பயம் குறைவு, அவ்வளவுதான். கடைக்காரர் தன் சொந்த அரிசியை வைத்துத் தரம் போட்டார், கணிப்பு தப்பினால் நட்டம் அவருக்கு. தர நிறுவனத்துக்குப் பெரும்பாலும் கடன் வாங்குகிறவரே கட்டணம் கட்டுகிறார். அதனால் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தப்பினால் நட்டம் மாமாவுக்கு. எழுத்து தாமதமாகவும் இறங்கும். செர்பா டினாமிக் கணக்கில் 2021 மே மாதம் தணிக்கையாளர்கள் கேள்வி எழுப்பியது வெளியே வந்த பிறகுதான் ஃபிட்ச் அதன் தரத்தை மளமளவென இறக்கியது. அந்த வருடம் முடிவதற்குள் டாலர் சுக்குக் தவணையும் தவறியது.

விளம்பரத்தை முழுதாகப் படித்தால், அது பாண்டுகூட இல்லை, பாண்டு நிதி! ஏஏஏ பாண்டுகள் அதற்குள் இருக்கலாம், ஆனாலும் யூனிட் விலை இறங்கும். பேங்க் நெகாரா 2022 மே முதல் ஒரு வருடத்தில் ஓபிஆர் விகிதத்தை 1.75லிருந்து 3 விழுக்காட்டுக்கு ஏற்றியது. புதிய பாண்டு கூடுதல் வட்டி தரும்போது பழையதை யார் முழு விலைக்கு வாங்குவார்? வங்கி வைப்புத்தொகைக்கு 250,000 ரிங்கிட் வரை பிஐடிஎம் பாதுகாப்பு உண்டு. இதற்குக் கிடையாது.

சாதாரண மக்களும் வாங்குகிற மாதிரி வந்தது 2020இல் அரசாங்கம் வெளியிட்ட சுக்குக் பிரிஹாத்தின். குறைந்தது 500 ரிங்கிட், இரண்டு வருடம், ஆண்டுக்கு 2 விழுக்காடு. மாமா அப்போது சீண்டவே இல்லை, "ரெண்டு விழுக்காடு டீ குடிக்கக்கூடப் பத்தாது" என்றார்.

இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகவருக்குக் குரல் பதிவு அனுப்பினார். "தம்பி, அந்த ட்ரிபிள் ஏவை யாரு போட்டது? எப்பப் போட்டது? அவசரத்துக்குக் காசு கேட்டா எத்தனை நாள்ல வரும், போட்டது முழுசா வருமா?"

நான் மலை இறங்கும்வரை பதில் வரவில்லை.