அறுந்தாலும் எரியும் வளையம்

இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடுகளின் மின்னமைப்பை ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் தகுதி பெற்றவர் சோதித்து அறிக்கை தர வேண்டும் என்ற 2020-ஆம் ஆண்டு விதி, ஏற்கெனவே குடியிருப்பவர்களின் வீடுகளுக்கும் 2021 ஏப்ரல் 1 முதல் பொருந்தியதால், அந்தத் தேதியை ஒட்டி அடித்துப் பிடித்துச் சோதிக்கப்பட்ட வீடுகளுக்கெல்லாம் மறுதவணை வந்திருக்கிறது. தவணையோடு பழைய கேள்வியும் வந்திருக்கிறது: முன்பு செய்த வயரிங் வேலைக்கான தாள் எங்கே? ஜெராக்ஸ் நகல்களின் மேல் அலுவலகங்களுக்குள்ள மோகத்தை இப்பத்தி எத்தனை முறை திட்டியிருக்கிறது என்பதை வழக்கமான வாசகர்கள் அறிவார்கள். இந்த வாரத்து எரிச்சலோ தாள் இல்லாத குறையை இன்னொரு தாளால் மூடுகிறவர்கள்மேல்.

அங்கு 2005 ஜனவரி 1 முதல், கட்டட விதிகளின் ‘பார்ட் பி’ என்னும் பகுதி வீட்டு மின்வேலையையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. புதிய சர்க்யூட், அதாவது ஃப்யூஸ் போர்டிலிருந்து தனியே கிளம்பும் மின்வழி ஒன்று அமைத்தால், பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் தம் வேலைக்குத் தாமே உறுதி கூற வேண்டும், அல்லது உள்ளாட்சிக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பது பொது நடைமுறை. எதுவும் நடக்காத வீடு விற்பனைக்கு வரும்போது, வாங்குபவரின் வழக்கறிஞர் சான்றிதழைக் கேட்க, விற்பவரின் தரப்பு ஓர் இழப்பீட்டுக் காப்பீட்டை எடுத்து நீட்டுகிறது. ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் வீடு வாங்கி விற்ற தமிழர்களுக்கு இந்தச் சடங்கு அத்துப்படி. விதிமீறலுக்காக உள்ளாட்சி நடவடிக்கை எடுத்தால் ஆகும் செலவை அந்தக் காப்பீடு ஏற்கும். சுவருக்குள் இருக்கும் கம்பி ஒழுங்காக முடுக்கப்பட்டிருக்கிறதா என்பது அதன் கவலையே இல்லை.

தொலைந்த தாளில் கையெழுத்துக்குப் பின்னால் ஓர் அட்டவணை இருந்தது. வேலை முடிந்த அன்று சர்க்யூட்டில் எடுத்த மின்தடை அளவுகள் அதில் இருந்தன. அந்த எண்களின் அருமை தெரிய, பிரிட்டனில் பிறந்த வளைய இணைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும் (அதைப் பற்றிப் பேசச் சாக்குக் கிடைத்தால் இப்பத்தி விடுவதில்லை).

பெரும்பாலான நாடுகளில் சாக்கெட் லைன் போர்டில் தொடங்கிக் கடைசிச் சாக்கெட்டோடு முடிந்துவிடும். வளைய முறையில் கம்பி எல்லாச் சாக்கெட்டுகளையும் தொட்டுச் சுற்றிவந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதால், ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் இரு பக்கமிருந்தும் வருகிறது. போருக்குப் பிந்தைய வீடுகளுக்காக 1942-இல் கூடிய 20 பேர் குழு, செம்பையும் செலவையும் மிச்சப்படுத்தும் இந்த முறையைப் பரிந்துரைத்தது. குழுவின் ஒரே பெண் உறுப்பினர் கரோலின் ஹாஸ்லெட் என்ற பொறியாளர். 1947-இல் வெளிவந்த பிஎஸ் 1363 தரநிலையின் மூன்று முள் பிளக் இந்த வளையத்துக்காகவே பிறந்தது: நீண்ட எர்த் முள் முதலில் நுழைந்து மற்றத் துளைகளின் மூடியைத் திறக்கும், வளையத்தைக் காக்கும் ஃப்யூஸ் பெரியதாகையால், பிளக்குக்குள்ளேயே சிறிய ஃப்யூஸ் ஒன்று உண்டு.

இவ்வளவு அழகான அமைப்புக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: ஓரிடத்தில் கம்பி கழன்றாலும், மறுபக்க வழி இருப்பதால், எல்லாச் சாக்கெட்டுகளும் வேலை செய்துகொண்டே இருக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள் சுவர்மேல் பொருத்திய நிலையில் 27 ஆம்பியர் தாங்கும். பிரேக்கரோ 32 ஆம்பியர் வரை விட்டுவைக்கும். இரு தோள்கள் பகிர்ந்த சுமை ஒரே தோளில் விழுந்து கேபிள் சூடேறும்போதும் பிரேக்கர் பேசாமல் இருக்கும். இதை அறிய, மெயினை அணைத்து, வளையத்தின் இரு முனைகளையும் போர்டிலிருந்து கழற்றி, லைன், நியூட்ரல், எர்த் மூன்றையும் முனைக்கு முனை அளக்க வேண்டும். அந்தக் கேபிளின் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு 7.41 மில்லி ஓம் தடை ஆகையால், 60 மீட்டர் வளையம் ஏறத்தாழ 0.44 ஓம் காட்டும். லைன் மட்டும் கூடினால் எங்கோ திருகு தளர்ந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். லைனும் நியூட்ரலும் சேர்ந்தே 0.70 காட்டினால்தான் சிக்கல்: வளையம் ஆதியிலேயே 95 மீட்டரா, அல்லது சமையலறையை விரித்த யாரோ வளையத்தை வெட்டி 35 மீட்டர் சேர்த்து, ஜங்ஷன் பாக்ஸைத் தரைப்பலகைக்கடியில் புதைத்தாரா? பழைய அட்டவணையில் 0.44 என்று இருந்தால் பதில் அதிலேயே இருக்கிறது. அது இல்லாதவர் பலகையைப் பெயர்த்துப் பார்க்க வேண்டும். ஆள் குடியிருக்கும் வீட்டில் அதற்கு யார் துணிவார்? பெரும்பாலும் அறிக்கையில் ‘வரம்புகள்’ என்ற கட்டத்தில் ஒரு வரி விழும், அவ்வளவே.

வளையத்தையே கைவிட வேண்டும் என்று வாதிடும் எலக்ட்ரீஷியன்கள் அங்கு உண்டு. இப்பத்தியின் பரிவு வளையத்தின் பக்கம் என்றாலும், அவர்களின் வாதத்தில் ஒரு நியாயம் மறுக்க முடியாதது. ஒற்றை வழி லைனில் எர்த் அறுந்தால் அதுவும் வெளியே தெரியாது, அது வேறு வழக்கு. ஆனால் லைனோ நியூட்ரலோ கழன்றால் அதற்கப்பால் உள்ள சாக்கெட்டுகள் செத்துப்போகும், கெட்டில் கொதிக்கவில்லை என்று வீட்டுக்காரர் அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுவிடுவார்.