தடித்த எழுத்தில் வராத எண்

புற்றுநோய் என்று உறுதியான வீட்டில் முதல் சில வாரங்கள் ஓட்டமும் நடையுமாகப் போய்விடும். பயாப்சி, ஸ்கேன், காப்பீட்டு அட்டை, எந்த ஊரில் பார்ப்பது, யார் கூடத் தங்குவது என்று ஆயிரம் வேலை. அதெல்லாம் கொஞ்சம் அடங்கிய பிறகுதான் வீட்டிலுள்ளவர்கள் பின்னால் திரும்பிப் பார்க்கத் தொடங்குகிறார்கள். போன தீபாவளிக்கு வந்தபோது சட்டை தொளதொளவென்று இருந்ததே, அதுதானோ? கோயில் பிராகாரத்தைச் சுற்ற முடியாமல் பாதியிலேயே உட்கார்ந்தாரே, அதுதானோ?

சித்தப்பாவுக்கு பிராஸ்டேட் புற்றுநோய், முதுகெலும்பு வரை போயிருக்கிறது என்று 2024இல் தெரிந்தது. அப்போது அவருக்கு வயது 69. சித்தி போனில் எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வந்து நிற்கிறார். "ஏம்ப்பா, ராத்திரி நாலு தரம் அஞ்சு தரம் எந்திரிச்சுப் போவாரே, பக்கத்துல படுத்திருந்தவ நான்தானே. அப்பவே எனக்குத் தோணியிருக்க வேணாமா?"

சித்திக்குப் போனில் துண்டு துண்டாகச் சொன்ன பதிலை இங்கே முழுதாக எழுதுகிறேன். இதே கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டுக் கிடக்கும் பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆம்பளைக்கு வந்த நோயைக் கவனிக்கவில்லை என்ற பழியையும் நம் வீடுகளில் பெண்ணே எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறாள்.

பிராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, ஒரு பெரிய நெல்லிக்காய் அளவில் இருப்பது. சிறுநீர்க்குழாய் அதன் நடுவே இறங்கிப் போகிறது. ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் பலருக்குக் குழாயை ஒட்டிய உட்பகுதி மெல்லப் பருக்கத் தொடங்கும். குழாய் நெருக்கப்படும். முக்கினால்தான் வரும், சொட்டுச் சொட்டாக நிற்கும், போய்விட்டு வந்து படுத்தால் மறுபடி வரும். இது வயதோடு வரும் வீக்கம். புற்றுநோயும் அல்ல, பின்னால் புற்றுநோயாக மாறுவதும் அல்ல. புற்றுநோயோ பெரும்பாலும், பத்தில் ஏழு பேருக்கு என்று சொல்லலாம், சுரப்பியின் வெளிப்பகுதியில் தொடங்குகிறது. பின்பக்கம், மலக்குடலை ஒட்டிய இடம். அங்கே இருக்கிற சின்னக் கட்டி நடுவில் ஓடும் குழாயைத் தொடுவதே இல்லை. குழாயை நெருக்கும் அளவுக்கு வளர்வதற்குள் பலருக்கு அது சுரப்பியைத் தாண்டி வெளியே போய்விடுகிறது.

ஆகவே ராத்திரி எழுந்து போனது அனேகமாக இந்த நோயின் அடையாளமே இல்லை. சித்தப்பாவுக்குச் சர்க்கரையும் உண்டு. அதற்கும் ராத்திரி எழுந்திருக்கத்தான் வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சித்தி மறந்தேவிடுகிறார். இந்தத் தொந்தரவுக்காக 2019இலேயே மன்னார்குடியிலிருந்து பஸ் ஏறித் தஞ்சாவூருக்கு டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனவரே சித்திதான். டாக்டர் விரல்விட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார். பிராஸ்டேட் வீக்கம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்று அது சரியான முடிவுதான்.

இந்த நோய் தொடக்கத்தில் ஒன்றுமே சொல்லாது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை. உடம்பைத் தெய்வம் மாதிரி பேணியவர்களுக்கும் அப்படித்தான். பிரிட்டனின் சைக்கிள் வீரர் கிறிஸ் ஹோய் ஒலிம்பிக்கில் ஆறு தங்கம் வென்றவர். 2023இல் 47 வயதில் தோள் வலி என்று ஸ்கேன் எடுக்கப் போனார். தோளில் கட்டி தெரிந்தது. தேடிப் பார்த்ததில் மூலம் பிராஸ்டேட். அதற்குள் இடுப்பு, விலா, முதுகெலும்பு என்று எலும்புகளில் பரவியிருந்தது. தன் உடம்பின் ஒவ்வொரு தசையையும் அறிந்து வைத்திருந்த மனிதருக்கே தெரியவில்லை. ஆனால் அவருடைய அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இதே நோய் இருந்தது. வெளியில் தெரிகிற அறிகுறி என்று ஏதாவது இருந்ததென்றால் அது அந்தக் குடும்பக் கதைதான்.

2025 மே மாதம் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜோ பைடனுக்கு இந்த நோய் எலும்புக்குப் பரவிய நிலையில் இருப்பதாக அவருடைய அலுவலகம் அறிவித்தது. கிளீசன் 9, அதாவது வேகமாகப் பரவும் வகை. உடனே உலகம் முழுக்க ஒரே கேள்வி: கூப்பிட்ட குரலுக்கு டாக்டர்கள் நின்ற மனிதருக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? அவருக்குக் கடைசியாக பி.எஸ்.ஏ. என்ற பிராஸ்டேட் ரத்தப் பரிசோதனை செய்தது 2014இல் என்று பதில் வந்தது. மறைத்தார்கள் என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. ஆனால் அந்த நாட்டு மருத்துவ வழிகாட்டுதலே, எழுபதைத் தாண்டியவர்களுக்கு அறிகுறி இல்லாமல் இந்தச் சோதனை வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணமும் இருக்கிறது. வேறு எதனாலோ இறந்த முதியவர்களின் உடலைப் பரிசோதித்தபோது பலருக்கு பிராஸ்டேட்டில் புற்றுச் செல்கள் இருந்திருக்கின்றன. ஆயுள் முழுக்க ஒரு தொல்லையும் தராமல் கூடவே இருந்து கூடவே போன நோய். அதையெல்லாம் கண்டுபிடித்து அறுவைசிகிச்சை செய்தால் சிறுநீர் கசிவும் தாம்பத்தியத் தொல்லையும்தான் மிஞ்சும். பிரிட்டனில் சுரப்பிக்குள்ளேயே அடங்கிய புற்றுநோய் இருந்த 1,643 பேரைச் சுமார் 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2023இல் வெளியானது. அறுவைசிகிச்சை, கதிர்வீச்சு, வெறும் கண்காணிப்பு என்று எந்த வழியில் போனவர்களானாலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். ஆகவே எல்லா ஆண்களும் வருஷா வருஷம் ரத்தம் கொடுங்கள் என்று நான் எழுத மாட்டேன். ஐம்பதைத் தொட்டவர்கள் டாக்டரிடம் உட்கார்ந்து பேசி, நல்லது கெட்டது இரண்டையும் கேட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

முதுகுவலி வேறு கதை. 2023 கடைசியில் சித்தப்பாவுக்கு இடுப்புக்கு மேலே வலி வந்தது. வாயு பிடித்திருக்கிறது என்று பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தேய்த்தார்கள். பிறகு எக்ஸ்ரே, வயசுக்குத் தகுந்த தேய்மானம் என்றார்கள். பிசியோதெரபிக்குப் போனார். இடுப்புப் பகுதியையும் முதுகெலும்பையும் இணைக்கும் ரத்த நாளப் பின்னல் ஒன்று இருக்கிறது. அதில் ரத்தம் திரும்பாமல் தடுக்கும் வால்வுகள் கிடையாது. பிராஸ்டேட்டிலிருந்து கிளம்பும் செல்கள் சுலபமாக முதுகெலும்பில் போய்த் தங்குவதற்கு அதுவும் ஒரு வழி. சாதாரண முதுகுவலி படுத்தால் குறையும். இந்த வலி படுத்தாலும் குறையாது, ராத்திரியில் கூடும். சித்தப்பா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார் என்று சித்தி சொன்னார். அறுபதைத் தாண்டிய ஆணுக்குப் புதிதாக, இரவில் எழுப்புகிற முதுகுவலி வந்து சில வாரங்களில் அடங்கவில்லை என்றால் தேய்மானம் என்று விட்டுவிடக் கூடாது. கூடவே காலில் பலம் குறைந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டிக்கொண்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கலாம். ஒரு நாள் தள்ளினால் திரும்ப நடக்க முடியாமலே போய்விடலாம்.

ஆனால் அந்த வலி வந்தபோதே நோய் எலும்புக்குப் போயிருந்தது. அதற்கு முன்னால் ஏதாவது தவறிப்போயிற்றா என்பதுதான் சித்தியின் கேள்வி. தவறிப்போயிற்று என்றுதான் நினைக்கிறேன். சித்தி தேடுகிற இடத்தில் அது இல்லை.

சித்தப்பா எந்தக் காகிதத்தையும் தூக்கி எறியாதவர். மஞ்சள் பை ஒன்றில் எல்லா ரிப்போர்ட்டும் தேதிவாரியாக இருந்தன. சென்னையில் பார்க்கும் டாக்டர் பழையதெல்லாம் வேண்டும் என்று கேட்டதால் அவற்றைப் பிரித்து அடுக்கினேன். 2019இல் மாத்திரை தொடங்கும் முன் எடுத்த பி.எஸ்.ஏ. 2.9. பிறகு 2021இல் ஒரு ஆஸ்பத்திரியில் மாஸ்டர் செக்கப். ஆறு பக்கம் வந்திருக்கிறது. அளவு தாண்டிய எண்களையெல்லாம் தடித்த எழுத்தில் அடித்திருந்தார்கள்: சர்க்கரை, கொழுப்பு, யூரிக் அமிலம். ஐந்தாம் பக்கத்தில் பி.எஸ்.ஏ. 3.4. பக்கத்தில் இருக்க வேண்டிய அளவு: 0 முதல் 4. மெல்லிய எழுத்து, நட்சத்திரக் குறி இல்லை. சித்தப்பாவே பச்சை மையில் ஒரு டிக் போட்டு வைத்திருந்தார்.

அவர் இரண்டு வருஷமாகச் சாப்பிட்டுவந்தது டாம்சுலோசினும் டுடாஸ்டெரைடும் சேர்ந்த மாத்திரை. முன்னது தசையைத் தளர்த்தி வழிவிடும். பின்னது சுரப்பியையே சுருக்கும். சுருக்குவதோடு ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவையும் ஆறு மாதத்துக்குள் ஏறத்தாழ பாதியாக இறக்கிவிடும். ஃபினாஸ்டெரைடும் அப்படித்தான். அதனால் இந்த மாத்திரை சாப்பிடுகிறவரின் எண்ணை இரண்டால் பெருக்கித்தான் படிக்க வேண்டும். அதைவிட முக்கியம், இறங்க வேண்டிய எண் இறங்காமல் ஏறினால், அது நான்குக்குள் இருந்தாலும் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். 2.9 இருந்தவருக்கு மாத்திரைக்குப் பிறகு ஒன்றரை அளவில் வந்திருக்க வேண்டும். வந்தது 3.4. உண்மையான கணக்கு 6.8.

இது ரகசியமான மருத்துவ ஞானம் ஒன்றுமில்லை. மாத்திரையைத் தயாரித்தவர்களே தங்கள் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கும் எச்சரிக்கை. ஆனால் நம் மருந்துக்கடையில் ஸ்ட்ரிப்பை வெட்டிக் கொடுக்கும்போது அந்தத் தாள் வீட்டுக்கு வருவதில்லை. மாத்திரை எழுதியவர் தஞ்சாவூரில், செக்கப் செய்தது வேறோர் ஆஸ்பத்திரி, கம்ப்யூட்டருக்கோ நான்கு என்ற கோடு மட்டும்தான் தெரியும். செக்கப் படிவத்தின் நகலும் பையில் இருந்தது. சர்க்கரை உண்டா, பி.பி. உண்டா, அறுவைசிகிச்சை ஆனதா, புகை, மது எல்லாம் கேட்டிருக்கிறார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்வி அதில் இல்லை. எனக்கு அடங்காத கோபம் இதில்தான். பணம் வாங்கிக்கொண்டு, ரத்தம் எடுத்து, சரியான எண்ணையும் கண்டுபிடித்துத் தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, அதைப் படிக்க ஆள் இல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

2021இல் யாராவது படித்திருந்தால்? எம்.ஆர்.ஐ. எடுத்திருப்பார்கள், பயாப்சிக்குப் போயிருப்பார்கள். சுரப்பிக்குள்ளேயே இருந்திருந்தால் எடுத்துப்போட்டிருக்கலாம். அப்போதே செல்கள் கிளம்பிப் போயிருக்கவும் கூடும். மூன்றே வருஷத்தில் பி.எஸ்.ஏ. இருநூறைத் தாண்டியது என்றால் அது சாதுவான வகை இல்லை. குணமாகியிருப்பார் என்று சித்தியிடம் நான் சொல்லவில்லை. ஒரு வாய்ப்பு இருந்தது, அது கைநழுவியது ஆறு பக்க ரிப்போர்ட்டின் ஐந்தாம் பக்கத்தில், உங்கள் படுக்கையறையில் இல்லை என்று மட்டும் சொன்னேன்.

சித்தப்பா இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறார், கூடவே மாத்திரை. ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்தப் புற்றுநோய் சுருங்கும் என்று 1941இல் காட்டியவர் சார்லஸ் ஹக்கின்ஸ். 1966இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். அந்த வழிதான் இன்றும் முதல் வைத்தியம். முதுகுவலி வெகுவாகக் குறைந்திருக்கிறது. திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்ப்பதுதான் தொல்லை. மார்கழியிலும் மின்விசிறியைப் போடச் சொல்கிறார்.

அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. சித்தப்பாவின் மூத்த மகனுக்கு 43 ஆகிறது, சின்னவனுக்கு 39. ஐம்பது வரை காத்திருக்காமல் 45இல் தொடங்குங்கள் என்று சென்னை டாக்டர் சொல்லியிருக்கிறார். சித்தியிடம் போன வாரம் பேசியபோது ராத்திரி எழுந்து போன கதையை அவர் எடுக்கவில்லை. மூத்தவன் தலைமுடி கொட்டுகிறது என்று ஏதோ மாத்திரை சாப்பிடுகிறானாம். அதையும் டாக்டரிடம் சொல்லணுமா என்று கேட்டார். கட்டாயம் சொல்லணும் சித்தி என்றேன். முடிக்குக் கொடுப்பது பல சமயம் அதே ஃபினாஸ்டெரைடுதான், அளவு குறைவாக இருந்தாலும் பி.எஸ்.ஏ.வை அதுவும் இறக்கும்.