ஒரு ரத்தப் பரிசோதனையில் ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? செல்களின் 'ஸ்ட்ரெஸ்' சொல்வது என்ன?

சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை இருக்கு, தைராய்டுக்கு இருக்கு. ஆட்டிசத்துக்கு மட்டும் ஏன் இல்லை? குழந்தைக்குப் பேச்சு தாமதமாவதைப் பார்த்துப் பதறும் பெற்றோர் பலரும் கேட்கும் கேள்வி இது. விஞ்ஞானிகள் 20 ஆண்டுகளுக்கும் மேலாக இதற்கு விடை தேடி வருகிறார்கள். அந்தத் தேடலில் முக்கியமான ஒன்று, ரத்தத்தில் தெரியும் செல் அழுத்தத்தின் தடயங்கள்.

இப்போ எப்படி கண்டுபிடிக்கிறாங்க?

குழந்தையின் நடத்தையைக் கவனித்தும், பெற்றோரிடம் விரிவாகக் கேட்டும்தான். அனுபவமுள்ள மருத்துவர்களால் 2 வயதிலேயே ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால், பல குழந்தைகளுக்கு அதற்குப் பல ஆண்டுகள் கழித்துதான் தெரியவருகிறது. பயிற்சிகளை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்பதால்தான் ரத்தப் பரிசோதனைக்கு இத்தனை எதிர்பார்ப்பு.

செல்லுக்கு என்ன ஸ்ட்ரெஸ்?

இது மன அழுத்தம் இல்லை. அடுப்பு எரிந்தால் புகை வருவதுபோல, செல்கள் ஆற்றலைத் தயாரிக்கும்போது தீங்கு செய்யக்கூடிய ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் உருவாகும். அவற்றை அடக்குவது குளுட்டாதயோன் போன்ற ஆன்டி-ஆக்ஸிடன்ட்டுகளின் வேலை. இந்தச் சமநிலை குலைந்தால் அதுதான் 'ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்'. அப்போது புரதங்களும் கொழுப்பும் டிஎன்ஏ-வும் சேதமாகும். அந்தச் சேதத்தின் அடையாளங்களை ரத்தத்தில் அளக்கலாம்.

ஆய்வுகள் என்ன சொல்லுது?

2004: அமெரிக்காவின் ஆர்கன்சாஸில் ஜில் ஜேம்ஸ் குழுவினர் ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளையும் மற்ற 33 குழந்தைகளையும் ஒப்பிட்டனர். ஆட்டிசம் உள்ளவர்களிடம் மொத்த குளுட்டாதயோன் குறைவாகவும், அதன் ஆக்ஸிஜனேற்றம் அடைந்த வடிவம் அதிகமாகவும் இருந்தது.

2017: நியூயார்க்கின் ரென்சலேர் கல்லூரி ஆய்வாளர்கள் பல குறியீடுகளைச் சேர்த்துக் கணினியில் அலசினர். ஆட்டிசம் உள்ள 83 பேரில் 97.6% பேரை அது சரியாக அடையாளம் காட்டியது. அடுத்த ஆண்டு, வேறு 154 குழந்தைகளின் தரவுகளில் சோதித்தபோது துல்லியம் 88% ஆக இறங்கியது.

2018: பிரிட்டனின் வார்விக் பல்கலைக்கழகக் குழு, இத்தாலியில் 5 முதல் 12 வயதுக்கு உட்பட்ட 69 குழந்தைகளின் ரத்தத்தில் சேதமடைந்த புரதங்களைத் தேடியது. ஆட்டிசம் உள்ளவர்களில் 92% பேரையும், இல்லாதவர்களில் 84% பேரையும் அது சரியாகப் பிரித்தது.

92% என்றால் சூப்பர்தானே?

இங்கேதான் கணக்கு முக்கியம். 1,000 குழந்தைகளில் 10 பேருக்கு ஆட்டிசம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தப் பரிசோதனை அவர்களில் 9 பேரைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் மீதி 990 பேரில் 16%, அதாவது சுமார் 158 பேருக்கும் 'பாசிட்டிவ்' என்று காட்டும். மொத்தம் 167 பாசிட்டிவ்; அதில் உண்மை 9 மட்டுமே. மற்ற 158 குடும்பங்களும் வீணாகக் கலங்க வேண்டியதுதான்.

ஏற்கெனவே சந்தேகத்தோடு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளுக்கு மட்டும் செய்தால்? தவறான பாசிட்டிவ்களின் பங்கு குறையும். ஆனால் அங்கே மருத்துவருக்குத் தேவைப்படும் பதில் வேறு: இது ஆட்டிசமா, பேச்சுத் தாமதமா, வேறு வளர்ச்சிக் குறைபாடா? மேலே சொன்ன வார்விக் ஆய்வு, ஆட்டிசம் உள்ள குழந்தைகளை வழக்கமான வளர்ச்சி உள்ள குழந்தைகளோடுதான் ஒப்பிட்டது.

வேற என்ன சிக்கல்?

சர்க்கரை நோய், ஆஸ்துமா போன்றவற்றிலும் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் கூடும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலர் சில உணவுகளை மட்டுமே சாப்பிடுவார்கள், சரியாகத் தூங்க மாட்டார்கள். இதனாலும் அளவு மாறலாம். ஆக, செல் அழுத்தம் காரணமா, விளைவா என்பது இன்னும் முடிவாகவில்லை. போதாக்குறைக்கு, எடுத்த ரத்தத்தை உடனே பதப்படுத்தாவிட்டால் குளுட்டாதயோன் டியூபிலேயே மாறிவிடும்.

அப்போ ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரை கொடுக்கலாமா?

குளுட்டாதயோன் உற்பத்திக்கு உதவும் 'என்-அசிட்டைல்சிஸ்டீன்' மருந்து, 2012-ல் வெளியான ஸ்டான்ஃபோர்டின் சிறிய ஆய்வில் குழந்தைகளின் எரிச்சலைக் குறைத்தது. பின்னர் ஆஸ்திரேலியாவில் 98 குழந்தைகளுக்குக் குறைந்த அளவில் 6 மாதம் கொடுத்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. எனவே, ரத்த ரிப்போர்ட்டைக் காட்டி 'டீடாக்ஸ்', சப்ளிமென்ட் என்று யாராவது பணம் கேட்டால் உஷாராக இருங்கள்.

பெற்றோர் என்ன செய்யணும்?

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, கண்ணைப் பார்க்காதது, விரல் நீட்டி எதையும் காட்டாதது, பேசிய வார்த்தைகளை மறப்பது போன்ற அறிகுறிகள் தெரிந்தால், தள்ளிப்போடாமல் குழந்தை வளர்ச்சி நிபுணரைப் பாருங்கள். பேச்சுப் பயிற்சியைத் தொடங்க உறுதியான ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனை என்றாவது வந்தாலும், மருத்துவரின் கவனிப்புக்குத் துணையாகத்தான் இருக்கும். அதற்கு மாற்றாக அல்ல.