பேய்க்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கடல்கட்டி என்றொரு தொழில் இருந்தது. சுறாக்களின் வாயை மந்திரத்தால் கட்டுவது அவன் வேலை. அவன் கட்டினால்தான் குளியாள் கல்லைப் பற்றிக்கொண்டு கீழே இறங்குவான். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, எடுக்கிற முத்தில் இருபதில் ஒரு பங்கு இந்த மந்திரக்காரர்களுக்குப் போனதாக எழுதியிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டில் இலங்கை அரிப்புக் கரையில் இதே வேலையைப் பார்த்தவருக்குப் பிரிட்டிஷ் அரசே சம்பளம் கொடுத்தது. அதுபோக ஒவ்வொரு படகிலிருந்தும் நாளுக்குப் பத்துச் சிப்பி. எமர்சன் டெனன்ட் போய்ப் பார்த்தபோது அந்தப் பதவியில் இருந்தவர் ஒரு கத்தோலிக்கர். மந்திரம் பலிப்பதற்கு மதம் தடையாக இருக்கவில்லை, சம்பளமும் நிற்கவில்லை.

இந்தக் கதையில் என்னை உறுத்துகிற இடம் அதற்கு அடுத்தது. மந்திரம் பகலுக்கு மட்டும்தான். பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். போலோ நூலின் ஒரு பாடம் அதற்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறது: இரவில் யாரும் திருட்டுத்தனமாக இறங்கிச் சிப்பி அள்ளிவிடக் கூடாது என்பதற்காகத்தான். பகலில் முதலாளிக்கு முத்து எடுக்கும்போது சுறாவுக்கு வாய் கிடையாது. இரவில் குளியாள் தனக்கென்று இறங்கினால் அதே சுறாவுக்கு வாய் முளைத்துவிடும். முத்துப்பாருக்கு வேலி போட முடியாது. வேலிக்குப் பதில் இருட்டையும் பல்லையும் வைத்தார்கள்.

இருளில் வாழும் கோர உருக்களை மனிதனின் அச்சம் பெற்ற பிள்ளைகள் என்றுதான் நாட்டார் வழக்காற்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். ஆதிமனிதன் இருட்டைக் கண்டு பயந்தான், பேயைப் படைத்தான் என்று மாணவிகள் எழுதுகிறார்கள், நாமும் மதிப்பெண் போடுகிறோம். நான் இதை நம்புவதில்லை. பயந்தவன் பேயைப் படைக்கவில்லை. காவலுக்கு ஆள் தேவைப்பட்டவன் படைத்தான். எந்தப் பேய்க்கதையைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பேய் எந்தச் சொத்துக்குக் காவல் நிற்கிறது, இதற்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதுதான்.

பெண்பிள்ளைகளுக்கான பட்டியலைப் பாருங்கள். உச்சிப்பொழுதில் புளியமரத்தடியில் நிற்காதே. அந்தியில் தலையை விரித்துப் போடாதே. மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகாதே. தீட்டு நாளில் தனியாக நடக்காதே. பேய் பிடித்துக்கொள்ளும். ஆனால் தூத்துக்குடி உப்பளங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் வெயிலுக்குத் தப்ப விடியலுக்கு முன்பே, கண்தெரியாத இருட்டில்தான் வரப்பில் இறங்குகிறார்கள். அவர்களைப் பேய் பிடிப்பதில்லை. தீட்டு நாளிலும் பிடிப்பதில்லை. சட்டமும் அந்தப் பேயைப் போலவே நடந்துகொண்டது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காலை 6 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் பெண்களைத் தொழிற்சாலையில் வேலை வாங்கக் கூடாது என்றது. உப்பளமும் தொழிற்சாலைதான் என்று உச்ச நீதிமன்றம் 1961இல் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் அந்தத் தடையை ரத்து செய்யும்வரை இருட்டு பெண்ணுக்கு ஆகாது என்பது ஏட்டில் இருந்தது. உப்புச் சுமை பெண்ணின் தலையில் இருந்தது. கடல்கட்டியின் மந்திரம் போலத்தான் இதுவும். வேலைக்குக் கட்டு, விருப்பத்துக்கு அவிழ்ப்பு.

இனி நீலி. பழையனூர் நீலி கதைக்குப் பல பாடங்கள் உண்டு. செட்டி என்பார்கள், அந்தணன் என்பார்கள், கோயில் பூசாரி என்பார்கள். எல்லாப் பாடத்திலும் மாறாத ஒன்று, தன்னை நம்பிக் கூட வந்தவளை ஒருவன் காட்டில் வைத்துக் கொன்றான் என்பது. பெரும்பாலும் நகைக்காக. தெற்கத்தி வில்லுப்பாட்டில் அவள் சாகும்போது பக்கத்தில் நின்ற கள்ளிச்செடியைச் சாட்சிக்கு அழைக்கிறாள். அடுத்த பிறவியில் அவன் வணிகனாக வருகிறான், அவள் நீலியாக வருகிறாள். கள்ளியை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவர் என் கணவர், என்னை விட்டுவிட்டு ஓடுகிறார்’ என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். சபையில் எழுபது வேளாளர்கள். கள்ளிக்குழந்தை வணிகனைப் பார்த்து அப்பா என்கிறது. அவனுக்கு ஏதும் நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்து, அவன் கையிலிருந்த வாளையும் வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஒரே வீட்டில் விடுகிறார்கள். காலையில் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்குகிறார்கள்.

இந்தக் கதையிலிருந்து தமிழ் எதை எடுத்துக்கொண்டது? எழுபது பேரின் வாய்மையைச் சைவ மரபு ஆயிரம் ஆண்டுக்கு மேலாகப் போற்றுகிறது. பழையனூரில் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. நீலிக்குக் கிடைத்தது ஒரு மரபுத்தொடர்: நீலிக் கண்ணீர். அகராதியில் பொருள், பொய்யழுகை.

பொய் எங்கே இருக்கிறது? அவன் கொன்றது உண்மை. அவள் அவனுடையவளாக இருந்தது உண்மை. அவன் தன்னை விட்டு ஓடுகிறான் என்றதும் உண்மை. குழந்தையென்று அவள் ஏந்தி வந்த கள்ளிதான் அந்தக் கொலையைப் பார்த்த ஒரே சாட்சி. மொத்தக் கதையிலும் பொய்யே இல்லாத அழுகை ஒன்று உண்டென்றால் அது அவளுடையது. அதைத்தான் பொய்யழுகைக்குப் பெயராக வைத்தோம். வரதட்சிணைப் புகாரோடு மகளிர் காவல் நிலையத்துக்குப் போகிறவளின் முகத்துக்கு நேராக இந்தச் சொல்லை வீசுவார்கள். பாலியல் புகார் கொடுத்தவளைப் பற்றித் தொலைக்காட்சி விவாதத்தில் சொல்வார்கள். கொன்றவனின் பெயரில் ஒரு மரபுத்தொடர் தமிழில் உண்டா? கதைக்குக் கதை அவன் பெயர்கூட மாறிக்கொண்டிருக்கிறது. அவளுக்கு மட்டும்தான் நிலைத்த பெயர்.

இதே பழையனூர்–திருவாலங்காட்டில்தான் காரைக்கால் அம்மையாரும் இருக்கிறார். கணவன் அஞ்சி விலகியபின் இந்த அழகு உடம்பு யாருக்கு என்று உதறிவிட்டுப் பேய் வடிவம் வேண்டிப் பெற்றவர்; தன்னைக் காரைக்கால் பேய் என்றே பாட்டில் பொறித்துக்கொண்டவர். பேய்மகளிரை நம் இலக்கியம் வருணிக்கும் விதத்தைச் சேர்த்துப் படித்தால் ஒன்று புரியும். வற்றிய முலை, ஒட்டிய வயிறு, புடைத்த நரம்பு, எண்ணெய் காணாத தலை, நீண்ட பல். பிள்ளை பெற்று, பால் கொடுத்து, பட்டினி கிடந்து, மூப்படைந்த எந்த ஏழைப் பெண்ணின் உடம்பும் இப்படித்தான் இருக்கும். ஆணுக்குப் பயன்படுவது நின்றுபோன உடம்புக்குக் கவிகள் வைத்த பெயர் பேய்.

தமிழில் முழுக்கக் கற்பனையாகக் கட்டிய பேயுலகம் ஒன்று உண்டென்றால் அது கலிங்கத்துப்பரணி. இதை வகுப்பில் நடத்தும்போது நமக்கெல்லாம் உற்சாகம் வந்துவிடும். வறண்ட பாலை, நடுவே காளிகோயில், பசியால் துடிக்கும் பேய்க் கூட்டம், அவை காளியிடம் வைக்கும் முறைப்பாடு. பிறகு போர், பிறகு களத்தில் பிணக்கூழ் சமையல். பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று பந்தி போட்டுக் கூழ் ஊற்றுகிறார் செயங்கொண்டார். நகைச்சுவைக்குக் குறைவில்லை. நானும் சிரித்துக்கொண்டே நடத்தியதுண்டு.

ஆனால் நூல் என்ன வேலை செய்கிறது? முதலாம் குலோத்துங்கனின் படை, கருணாகரத் தொண்டைமான் தலைமையில் கலிங்கம் போய் ஊரை எரித்து ஆட்களைக் கொன்று குவிக்கிறது. காரணம், திறை வரவில்லை. ஆயிரம் யானைகளைக் கொன்று வென்றவனுக்குப் பாடுவது பரணி என்பது இலக்கணம். யானைமேல் இருந்தவர்களின் எண்ணிக்கை இலக்கணத்தில் இல்லை. கொன்றவன் கையில் இரத்தக்கறை இல்லாதபடி கவிதை பார்த்துக்கொள்கிறது. குடலை மாலையாகப் போடுவது பேய், மூளையைத் தின்பது பேய், மண்டையோட்டில் கூழ் குடிப்பது பேய். பந்தி முடிந்ததும் அந்தப் பேய்களே மன்னனை வாழ்த்தவும் செய்கின்றன. போரின் கோரத்தை மொத்தமாகப் பேய்களிடம் ஒப்படைத்துவிட்டு, புகழை மட்டும் அரண்மனைக்கு எடுத்துப் போகிறார் புலவர். பசித்தவனைக் கோரமாகவும் கொன்றவனை அழகாகவும் காட்டுகிற இந்த வித்தைக்கு இணையாக நான் இன்னொன்றைப் படித்ததில்லை.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2018 மே 22 அன்று, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாளில், இந்த நகரத்தில் தொடங்கி மறுநாளும் நீண்ட காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு 13 பேர் பலியானார்கள். செத்தவர்களில் பெண்களும் உண்டு. ஊர்வலத்தின் முன்வரிசைகளில் பெண்கள்தான் நின்றார்கள். சில நாட்களில் ஒரு பேய் வந்தது. சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டார்கள் என்றார்கள் ஆட்சியில் இருந்தவர்கள். உச்ச நடிகர் ஒருவரும் சொன்னார். முகமில்லை, பெயரில்லை, எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று தெரியாது. பேய்க்குரிய அத்தனை இலக்கணமும் அதற்கு இருந்தது. சுட்டவர்களுக்கோ பெயரும் பதவியும் சீருடையும் இருந்தன. அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்குத் தேவையே இருக்கவில்லை என்று அது சொல்கிறது. பேயைப் பற்றி யாரும் பிறகு பேசவில்லை. வேலை முடிந்த பேய்.

பேய் பிடித்தல் என்பதையும் இங்கே பேச வேண்டும். ஏனென்றால் பேயோட்டும் தலங்களில் தலைவிரித்து ஆடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1990களின் தொடக்கத்தில் தென்னார்க்காடு பக்கம் ஆய்வு செய்த இசபெல் நபோகோவ் எழுதியதைப் படித்தால், பிடிக்கும் பேய் பெரும்பாலும் ஆசை நிறைவேறாமல் செத்த இளைஞன். பிடிபடுகிறவள் புதிதாக மணமானவள். அடையாளம், கணவனைக் கிட்டே விடாதது. பேயோட்டி முடித்து அவளைக் கணவனோடு வீட்டுக்கு அனுப்புவார்கள். அவன் வீட்டில் என்ன நடந்தது என்று பேயிடம் கேட்கிறார்களே தவிர, அவளிடம் யாரும் கேட்பதில்லை. குமரி மாவட்டத்து முக்குவர் பெண்களைப் பற்றி எழுதிய கல்பனா ராம் இன்னொன்றைக் காட்டுகிறார்: அந்தக் கத்தோலிக்கக் கிராமங்களில் பிடிக்கிற பேய்க்குப் பெயர் இசக்கி, குணமாக்குகிறவள் மாதா. சில மைல் தள்ளி முப்பந்தலில் அதே இசக்கி அம்மன். பிள்ளைவரம் வேண்டிப் பெண்கள் தொட்டில் கட்டுகிறார்கள். எங்கள் கரையில் 1530களுக்குப் பிறகு பாதிரிமார் வந்தார்கள், பசாசு என்ற சொல்லும் வந்தது. எவள் தாய், எவள் பசாசு என்ற எல்லையை அந்தந்த ஊரில் மணியடிக்கும் உரிமை யாருக்கோ அவர்கள்தான் போட்டார்கள்.

இப்போது காலம் மாறிவிட்டதே, நீலியைக் கதாநாயகியாக்கிவிட்டார்களே என்று என் மாணவிகள் கேட்கிறார்கள். 2025 ஆகஸ்டில் வந்த ‘லோகா’ மலையாளப் படத்தைச் சொல்கிறார்கள். கள்ளியங்காட்டு நீலி பெங்களூரு இரவில் பறந்து பாய்ந்து கெட்டவர்களை அடிக்கிறாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. தன்னந்தனியாக இரவில் நடக்கிற ஒருத்தியைக் கண்டு ஆண்கள் பயப்படும் காட்சிக்கு அரங்கில் பெண்பிள்ளைகள் விசிலடித்ததை நான் ரசித்தேன். ஆனாலும் அவளுக்குக் கொடுத்த வேலை என்ன? மறுபடியும் காவல். ஊருக்குக் காவல், அப்பாவிகளுக்குக் காவல். பேயாக இருந்தபோது சம்பளமில்லாமல் பார்த்த வேலையை இப்போது பளபளப்பான உடையோடு பார்க்கிறாள். தமிழ்ப் பேய்ப்படங்கள் இந்த அளவுக்குக்கூட வருவதில்லை. முன்பாதியில் சிரிப்பு, பின்பாதியில் கற்பழித்துக் கொல்லப்பட்டவளின் பத்து நிமிடக் கதை, பிறகு பழிவாங்கல், பிறகு அடுத்த பாகம். பெண் செத்தால்தான் சண்டை போட முடியும் என்பதை எத்தனை படத்தில்தான் சொல்வார்கள்?

உயிரோடு இருப்பவளுக்குரிய வேலையை நீலிக்குக் கொடுத்த ஒரே ஒரு தமிழ்ப் பிரதிதான் எனக்குத் தெரியும். அது நீலகேசி. எழுதியவர் பெயர் தெரியாத சமணர். காளிக்கு உயிர்ப்பலி கூடாது, மண்ணில் செய்த உருவங்களை வையுங்கள் என்று முனிச்சந்திரர் என்ற முனிவர் மக்களைத் திருப்பிவிடுகிறார். பலி நின்றுபோன காளி, அவரை மிரட்டப் பழையனூர் நீலியைக் கூப்பிடுகிறாள். இங்கேயும் பேயைக் கூலிக்குத்தான் அழைக்கிறார்கள். நீலி போகிறாள், சுடுகாட்டில் என்னென்னவோ காட்டுகிறாள், முனிவர் அசையவில்லை. அவள் அவரிடமே பாடம் கேட்க உட்கார்ந்துவிடுகிறாள். காளி கொடுத்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, ஊர் ஊராகப் போய்ச் சமயவாதிகளை வாதத்துக்கு அழைக்கிறாள். சமணர்கள் தங்கள் மதத்துக்கு வாதாடத்தான் அவளை எடுத்துக்கொண்டார்கள் என்பதில் சந்தேகமில்லை. இருந்தாலும் கோரப்பல்லை எடுத்துவிட்டு அவர்கள் அவளிடம் கொடுத்தது தருக்கம்.

அவள் முதலில் வாதிட்டு வெல்வது குண்டலகேசியை. மலையுச்சியில் தன்னைக் கொல்லப் பார்த்த கணவனைத் தானே முந்திக்கொண்டு தள்ளிவிட்டுப் பௌத்தத் துறவியானவள் குண்டலகேசி. கணவன் கையால் செத்த ஒருத்தியும், சாகாமல் தப்பிய ஒருத்தியும் நேருக்கு நேர் உட்கார்கிறார்கள். இரண்டு பேரும் கணவனைப் பற்றிப் பேசவில்லை, அழவில்லை. ஆன்மா உண்டா இல்லையா என்று பேசுகிறார்கள். குண்டலகேசியில் நமக்குச் சில பாடல்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. நீலகேசி பத்துச் சருக்கமும் உரையோடு கிடைக்கிறது. நம் பாடத்திட்டங்களில் பரணிக்கு ஒரு அலகு முழுதும் உண்டு. நீலகேசி, குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த நூல் எது என்ற ஒரு மதிப்பெண் வினாவாக இருக்கிறாள்.