கரண்டுக்கும் உண்டு சேதாரம்!

தாம்பரம் ஸ்டேஷனில் எலெக்ட்ரிக் ட்ரெயினுக்குக் காத்திருப்பவர்கள் செல்போனைப் பார்ப்பார்கள், இல்லையேல் வராத ட்ரெயினைப் பார்ப்பார்கள். தலைக்கு மேல் போகிற கம்பியை யாரும் பார்ப்பதில்லை. அதில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. பி.காம். படித்த எனக்கே புரிந்த கணக்கு, தைரியமாகப் படியுங்கள்.

1931-ல் பீச் - தாம்பரம் மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தபோது, கம்பியில் 1,500 வோல்ட் டி.ஸி. 1960-களில் அதை 25,000 வோல்ட் ஏ.ஸி. ஆக்கினார்கள். 2004-ல் மீட்டர் கேஜ் விடைபெற்றது. 25,000 வோல்ட் மட்டும் அப்படியே இருக்கிறது. எதற்கு இத்தனை வோல்ட்?

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். விலையை எண்ணிக்கையால் பெருக்கினால் பில் தொகை வருகிறதே, அது மாதிரி. ஒரு ரயில் 6 லட்சம் வாட் கேட்கிறது என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 1,500 வோல்ட்டில் 400 ஆம்பியர் ஓட வேண்டும். 25,000 வோல்ட்டில் 24 போதும்.

கம்பி சும்மா விடுமா? நகைக்கடை மாதிரி சேதாரம் போடும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் கிடைப்பது ரெசிஸ்டன்ஸ். அதன் அளவு ஓம். (கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். 1827-ல் இந்த விதியைப் புத்தகமாகப் போட்ட ஜெர்மன் வாத்தியார் ஜார்ஜ் ஓமின் பெயர்.) சேதாரம் எவ்வளவு? ஆம்பியரை அதே ஆம்பியரால் பெருக்கி, ஓமாலும் பெருக்குங்கள். கம்பியில் 1 ஓம் இருந்தால், 400 ஆம்பியருக்கு 1,60,000 வாட் வெறும் சூடாகப் போகும். 24 ஆம்பியருக்கு 576 வாட்தான்!

ரயில்வே வோல்ட்டைக் கூட்டித் தப்பித்தது. நம்மால் முடியாது. வீட்டுக்கு வருவது 230 வோல்ட். வாட் கூடினால் ஆம்பியர்தான் கூடும்.

சேலையூரில் நாலு பேர் சேர்ந்து எடுத்த பேச்சலர் ரூமுக்கு வாருங்கள். காலை ஏழரை மணி. ஒருத்தர் பக்கெட்டில் 1,500 வாட் ஹீட்டர் ராடு போட்டிருக்கிறார். இன்னொருத்தர் 1,000 வாட் அயர்ன் பாக்ஸில் சட்டை தேய்க்கிறார். இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். 2,500-ஐ 230-ஆல் வகுங்கள். கிட்டத்தட்ட 11 ஆம்பியர். பாக்ஸில் '6 ஆம்பியர்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதை யார் படிக்கிறார்கள்?

அந்த ப்ளக் கொஞ்சம் லூஸ். அங்கே அரை ஓம்தான் இருக்கிறது என்று வையுங்கள். 11 பெருக்கல் 11 பெருக்கல் அரை: 60 வாட். ரேடியோ மெக்கானிக் ஈயத்தை உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட். அந்த மாதிரி இரண்டு உங்கள் பிளாஸ்டிக் பாக்ஸுக்குள் உட்கார்ந்திருக்கின்றன, பக்கத்தில் பாயும் தலையணையும்!

'ஃப்யூஸ் காப்பாற்றாதா சார்?' காப்பாற்றாது. ஃப்யூஸுக்கு ஆம்பியர்தான் தெரியும், ப்ளக்கின் சூடு தெரியாது. 16 ஆம்பியர் ட்ரிப்பருக்கு 11 என்பது சாதாரணம். ஃப்யூஸ் கட்டையில் தடிக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தால் அதற்கு 11 என்ன, 30-கூடத் தெரியாது.

ராடுக்குப் பெரிய 15 ஆம்ப்ஸ் பாயிண்ட்தான் சரி. 15-ஐ 5-ல் சொருக வைக்கும் கன்வர்ஷன் ப்ளக், ஆம்பியரை கன்வர்ட் செய்வதில்லை. குளியல் முடிந்த பிறகு இஸ்திரி. நாளைக் காலை ஸ்விட்சை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, அதன் பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் சேதாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே பேரம் பேச முடியாது. ப்ளக்கையும் பாக்ஸையும் மாற்றிவிடுங்கள்.